வழி விட்டவனுக்கு ஒரு கை

ஐந்து நாளாக அர்கிரோ ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள். திரும்பும்போதும் வடக்குப் பக்கத்து நெடுஞ்சாலையிலேயே போய்விடலாம். அகலமான சாலை, பொழுதோடு வீடு போய்ச் சேரலாம். தெற்கு மலைச்சாலையில் போய் முட்டிக்கொள்ள வேண்டும் என்று என்ன தலையெழுத்து?

"தீவைச் சுத்துறதுன்னு கிளம்பிட்டு, வந்த வழியே திரும்பினா அதுக்குப் பேரு சுத்துறதா?" என்றான் மிகேலிஸ்.

"எனக்கு வளைவுன்னா வாந்தி வரும்."

"இருபத்தஞ்சு வருஷமா என்னோட குடும்பம் நடத்துற. அதுக்கே வராத வாந்தி வளைவுக்கா வரப்போகுது?"

இப்படிப் பேசியே மனுஷன் எல்லாவற்றையும் மழுப்பிவிடுவான். ஸீத்தியாவில் அவனுக்குத் தேனீ வளர்க்கிற தொழில். கிழக்குக் கோடியில் வீடு, மேற்குக் கோடியில் பூ. இலையுதிர் காலத்தில் மேற்கு மலைப் புதர்கள் பூக்கும்போது கூடுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் வைப்பான், ஈஸ்டருக்கு முன்னால் திருப்பி எடுத்து வருவான். வருஷத்தில் இரண்டு தடவை தீவை அளக்கிறவனுக்கு இன்னொரு சுற்று எதற்கு என்று அர்கிரோ கேட்டதற்கு, "உன்னோட சுத்தினதே இல்லையே" என்று பதில் சொன்னான். மகள் ஏதென்ஸில் வேலைக்குப் போய்விட்டாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். பெண்டாட்டியைக் காரில் உட்காரவைத்துத் தீவைக் காட்ட ஒரு புருஷன் ஆசைப்பட்டால் ஊரில் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அவளும் பின் சீட்டில் ஆறு பாட்டில் ஆலிவ் எண்ணெய் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினாள். வழியில் இருக்கிற சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க. முதல் பிழிவு எண்ணெய் என்றால் பாட்டில் கழுத்தில் நீலக் கம்பளி நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவது அவள் வழக்கம். அவள் அம்மாவின் வழக்கம் அது, வேறு யார் வீட்டிலும் கிடையாது.

நாலு நாளும் நன்றாகத்தான் போயிற்று. ஹானியாவில் எண்ணெய்ப் பாட்டில்களை எண்ணியபோது ஒன்று குறைந்தது, அதைத் தவிர ஒரு குறையுமில்லை. மீன் சாப்பிட்டார்கள், மேற்குக் கடற்கரையில் காலை நனைத்தார்கள், சாலையில் முந்திப்போகும்போதெல்லாம் அர்கிரோ கையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

இந்தக் கை ஆட்டுகிற விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தீவில் பின்னால் வருகிறவன் விளக்கை மின்னினால், முன்னால் போகிறவன் வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஓரத்தில் பாதி வண்டியை இறக்கி வழி விடுவான். எந்தச் சட்டத்திலும் அது கிடையாது. போலீஸ்காரனே அப்படித்தான் வழி விடுவான். முந்திப்போகிறவன் பதிலுக்கு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி நன்றி காட்ட வேண்டும். காட்டாமல் போகிறவனை அடுத்த ஊர்க் காப்பிக்கடை வரைக்கும் துரத்தித் திட்டுவார்கள். மிகேலிஸ் வண்டியில் அந்தக் கை அர்கிரோவுடையது. மற்றவர்களைப் போல ஒரு தூக்கு தூக்கி இறக்குகிற கையல்ல. மணிக்கட்டை மடக்கி இரண்டு சுற்றுச் சுற்றி விரல்களை உதறுவாள். பாதிரியார் துளசிக் கொத்தைத் தீர்த்தத்தில் முக்கித் தெளிக்கிறாரே, அதே மாதிரி.

"ஊர்ல இருக்கிற லாரிக்காரனுக்கெல்லாம் தீர்த்தம் தெளிச்சு முடிச்சாச்சா?" என்று மிகேலிஸ் கேலி செய்வான்.

ஐந்தாம் நாள் காலை, வண்டி தெற்குச் சாலைக்குத் திரும்பியதும் அவள் கை மடியை விட்டு எழுந்திருக்கவில்லை. லிவாதோ ஊருக்குக் கீழே, பள்ளத்தாக்கை ஒட்டி ஒரு வளைவு இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக அந்த வளைவின் பேரை யாராவது சொன்னால்கூட எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறவள் அவள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கும் இதே மே மாதம். அவளுடைய சித்தி மகளுக்குக் கீழே கடலோர ஊரில் கல்யாணம். அர்கிரோதான் முடி மாற்றும் தோழி. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் தலையில் வைக்கிற பூமுடிகள் இரண்டும் ஒரு வெள்ளைப் பெட்டியில் அவள் மடியில் இருந்தன. அவள் போய்ச் சேராமல் கல்யாணம் நடக்காது. ஏற்கெனவே ஒரு மணி நேரம் தாமதம். முன்னால் ஒரு பழைய பிக்கப் வண்டி, பின்னால் தீவனக் கட்டுகளோடு, நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. மிகேலிஸ் பொறுமையாக, "இந்த வளைவு முடியட்டும்" என்றான். அவளுக்குப் பொறுக்கவில்லை. எட்டி ஸ்டியரிங்கில் கையை வைத்து ஹார்னை அழுத்தினாள். அழுத்திய கையை எடுக்கவில்லை. அந்த மனுஷன், மரியாதை தெரிந்தவன், வளைவென்றும் பாராமல் ஓரம் இறங்கி வழி விட்டான். அவர்களுடைய சிவப்புக் கார் விர்ரென்று முந்தியது. அர்கிரோ ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, இரண்டு சுற்றுச் சுற்றி, நன்றி காட்டினாள். கையை உள்ளே இழுக்கும்போது பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். புழுதி. புழுதிக்குள் ஒரு மோப்பெட் சக்கரம் தனியாக உருண்டு வந்து சாலையில் விழுந்தது.

நிறுத்தச் சொல்லவில்லை. "சீக்கிரம் போ" என்றாள். கல்யாணத்தில் பூமுடிகளை மாற்றினாள், ஆட்டுக்கறி சாப்பிட்டாள். சமையல்கட்டில் பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது: லிவாதோக்காரி ரொதாந்தியின் மூத்த மகன் வார்டிஸ், இருபது வயசு, ஓரத்தில் குந்தி மோப்பெட் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தவனைக் அதே ஊர்க் கனாகிஸ் தீவனப் பிக்கப்பை ஏற்றிக் கொன்றுவிட்டானாம். பின்னால் யாரோ நெருக்கினார்கள் என்று கனாகிஸ் கதறுகிறானாம், யார் நம்புவார்கள்? மிகேலிஸ் வெளியே ஆண்களோடு ஆடிக்கொண்டிருந்தான். அவன் காதில் விழுந்திருக்காது என்று அவள் நம்பினாள். திரும்பும்போது அவனே வண்டியை வேறு சாலையில் விட்டான், கேட்காமலேயே. கடவுள் காப்பாற்றினார் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம்தான். போலீஸ்கூட இல்லை, மிகேலிஸுக்குத் தெரிந்துவிடக் கூடாது. தேனீயை மிதித்துவிட்டால்கூட முகம் சுருங்குகிற மனுஷன். அவனுக்குத் தெரிந்த பிறகு அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

லிவாதோவுக்கு முந்தின ஊரில் காப்பி குடிக்க நிறுத்தினார்கள். ஊர்ப் பலகையில் சல்லடை மாதிரித் துப்பாக்கி ஓட்டைகள். அதொன்றும் புதிதில்லை, இந்தப் பக்கத்து ஆண்களுக்குப் பலகையைக் கண்டால் கை துறுதுறுக்கும். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, கறுப்புச் சட்டை போட்ட ஒருவன், முப்பத்தைந்து வயசிருக்கும், அவர்கள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பின் ஜன்னலில் குனிந்து, எண்ணெய்ப் பாட்டில்கள் மிச்சமிருந்த சீட்டைப் பார்த்தான். நிமிர்ந்து அவர்களைப் பார்த்தான். போய்த் தன் சாம்பல் நிறப் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டான், கிளப்பவில்லை.

"யாரு அவன்? நம்ம வண்டிய எதுக்கு மோப்பம் புடிக்கிறான்?"

"வாங்குற ஐடியா இருக்கும். நல்ல விலை கொடுத்தா உன்னையும் சேர்த்துக் கொடுத்துடலாம்" என்றான் மிகேலிஸ். ஆனால் சிரிக்கவில்லை. காப்பியில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

அவர்கள் கிளம்பியதும் சாம்பல் பிக்கப்பும் கிளம்பியது. ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர், அதே இடைவெளியில் பின்னால் வந்தது. மிகேலிஸ் வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஓரம் இறங்கி வழி விட்டான். பிக்கப் முந்தவில்லை. வேகத்தைக் குறைத்தான், அதுவும் குறைத்தது. வழி விட்டும் போகாத ஒருவனை அர்கிரோ தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"மிகேலி, திரும்பிடலாம். நான் சொல்றதக் கேளு."

"இங்க எங்க திரும்புறது? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம்."

"எனக்கு இந்த ரோடு புடிக்கல."

"தெரியும்" என்றான் அவன்.

அந்த ஒரு சொல் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. என்ன தெரியும் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் வளைவு வந்துவிட்டது. பின்னால் வந்த பிக்கப்பை மலைமுனை மறைத்திருந்தது. வளைவின் விளிம்பில் ஒரு இரும்புக் கம்பம், அதன் மேல் கோயில் மாதிரி செய்த சின்ன விளக்குக் கூண்டு, கண்ணாடிக் கதவோடு. சாலையில் செத்தவர்களுக்கு வைக்கிற கூண்டுதான், தீவு முழுக்க இருக்கிறது. மிகேலிஸ் அதற்கு எதிரே வண்டியை நிறுத்தினான்.

"எதுக்கு நிறுத்துற? எடு வண்டிய!"

அவன் தன் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்தான். கழுத்தில் நீல நூல். ஹானியாவில் எண்ணியபோது ஒன்று குறைந்ததே, அந்த ஆறாவது பாட்டில்.

அவன் இறங்கிப் போனான். அவளும் இறங்கினாள், எதற்கென்று தெரியாமலே. கூண்டின் கதவு எந்தப் பக்கம் இழுத்தால் திறக்கும் என்று அவன் கைக்குத் தெரிந்திருந்தது. தீப்பெட்டி படத்துக்குப் பின்னால் இருக்கும் என்றும் தெரிந்திருந்தது. உள்ளே ஒரு இளைஞனின் படம், காது கொஞ்சம் பெரியது, சிரித்தால் பல் தெரிகிற முகம். படத்தின் காலடியில் நாலைந்து காலிப் பாட்டில்கள். எல்லாவற்றின் கழுத்திலும் நூல். வெயிலில் வெளிறிப்போயிருந்தாலும் அவள் கை போட்ட முடிச்சு அவளுக்குத் தெரியாதா?

அவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு நாளா?"

"பத்தொம்பது வருஷம். கூடு கொண்டு போறப்ப ஒரு தடவை, எடுத்துட்டு வர்றப்ப ஒரு தடவை."

"உனக்கு... உனக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணாடி என் பக்கமும் ஒண்ணு இருந்துச்சு, அர்கிரோ." எண்ணெயை ஊற்றினான். விளிம்பில் கொஞ்சம் சிந்தியது. "நீ பார்க்கலைன்னு நெனச்சேன். ரொம்ப நாள் கழிச்சுத்தான் நீயும் பார்த்திருக்கேன்னு புரிஞ்சுது. அப்புறம் எப்படிப் பேச்சை எடுக்குறது?"

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரே படுக்கையில் பத்தொன்பது வருஷம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாது என்று நடித்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய கூத்து!

"இப்ப எதுக்கு என்னை இழுத்துட்டு வந்த?"

"கனாகிஸ் செத்துட்டான். போன டிசம்பர்ல." திரியைப் பற்றவைத்துக் கதவைச் சாத்தினான். "ரெண்டு வருஷம் ஜெயில். அப்புறம் குடும்பத்தோட ஊரைக் காலி பண்ண வச்சுட்டாங்க. அவன் வீட்டுக் கதவுல சுட்டாங்க, பையன் கால்ல குண்டு பட்டு இன்னிக்கும் நொண்டுறான். அத்தனையும் நமக்கு வழி விட்டதுக்கு. நான் இந்த ஊர்ல போய்ச் சொல்லிடப்போறேன். தனியா வர்றப்பல்லாம் இந்த இடம் வரைக்கும் வந்துட்டு ஓடிடுறேன். நீ பக்கத்துல இருந்தா ஓட மாட்டேன்னு நெனச்சேன்."

"சொன்னா உன்னைச் சுட்டுடுவாங்க."

"சுடட்டும்னு இல்ல. ஆனா சொல்லணும்." அவள் முகத்தைப் பார்த்தான். "ஹார்ன் அடிச்சது நான்னு சொல்லுவேன். வண்டில நான் மட்டும்தான் இருந்தேன். நீ அதுக்கப்புறம் கட்டிக்கிட்டவ. புரியுதா?"

அவள் தலையாட்டியிருக்கக் கூடாது. ஆட்டினாள். ஆட்டிய நொடியில் உள்ளே ஏதோ இறங்கிச் சமாதானமாயிற்று, அந்தச் சமாதானத்துக்காகவே அவளுக்குத் தன் மேல் அருவருப்பு வந்தது.

அதுவரை முனைக்குப் பின்னால் காத்திருந்த பிக்கப் வளைவைத் திரும்பி வந்து அவர்கள் காருக்குப் பின்னால் நின்றது. கறுப்புச் சட்டைக்காரன் இறங்கினான். சீட்டுக்குப் பின்னால் மாட்டியிருந்த துப்பாக்கி கண்ணாடி வழியே தெரிந்தது. அதை அவன் தொடவில்லை. நிதானமாக வந்து கூண்டுக்குள் எரிகிற விளக்கைப் பார்த்தான், மிகேலிஸ் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான்.

"சொந்த எண்ணெயா அண்ணே?"

"ஆமா."

"நல்ல வாசனை. இந்தப் பக்கத்து எண்ணெய் இல்லைன்னு அம்மா எப்பவும் சொல்லுவாங்க." கூண்டின் கதவைத் திறந்து, சரியாகச் சாத்தி, கொக்கியை மாட்டினான். "நான் சீஃபிஸ். இது என் அண்ணன். ஈஸ்டர்லேர்ந்து நீலக் கயிறு கட்டின பாட்டிலத் தேடிக்கிட்டிருக்கேன். வாங்க, வீடு மேலதான். அம்மா காப்பி போடுவாங்க."

இந்தத் தீவில் காப்பிக்குக் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு அவன் கூப்பிட்ட விதத்தில் சொல்லவே முடியாது.

ரொதாந்திக்கு எழுபது வயசிருக்கும். நெற்றி வரைக்கும் கறுப்புத் துணி கட்டியிருந்தாள். மகன் காதில் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உட்காரச் சொன்னாள். காப்பி, சர்க்கரைப் பாகில் ஊறிய செர்ரி, பார்லி ரொட்டி, சின்ன கிளாஸ்களில் ரக்கிச் சாராயம், எல்லாம் மேஜைக்கு வந்தன. அவள் மட்டும் உட்காரவில்லை. சீஃபிஸ் கதவை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். சுவரில் பெரிய காதுக்காரனின் படம், பூப்போட்ட சட்டமிட்டு.

"சாப்பிடுங்க" என்றாள். "என் வீட்ல ரொட்டியைத் தொட்டவங்களுக்கு என் வீட்டாளால ஒண்ணும் வராது. பயப்படாமச் சாப்பிடுங்க."

மிகேலிஸ் ஒரு துண்டு ரொட்டியை எடுத்தான். அர்கிரோவும் எடுத்தாள். வாயில் மணலாக இருந்தது.

"என் புள்ளைக்கு வருஷத்துல ரெண்டு தடவை யாரோ எண்ணெய் ஊத்துறாங்க" என்று ரொதாந்தி ஆரம்பித்தாள். "கனாகிஸ்தான்னு நெனச்சோம். குத்தம் பண்ணின கைதான் எண்ணெய் ஊத்தும்னு ஊரே பேசிச்சு. அவன் பைபிள் மேல அடிச்சு சத்தியம் பண்ணினான், நான் ஊத்தலன்னு. பார்த்தியா, பொய்யும் சொல்றான்னு நாங்க இன்னும் கொதிச்சோம். பாட்டில் பாட்டிலா எண்ணெய் வர வர, எங்களுக்கு அவன் மேல வெறி ஏறிச்சு."

மிகேலிஸின் முகத்தில் ஈயாடவில்லை. தன் எண்ணெய் போய் எங்கே எரிந்திருக்கிறது என்று அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது. அர்கிரோவுக்கு அவனைப் பார்க்கவே சகிக்கவில்லை.

"டிசம்பர்ல செத்தான். அவன் அப்பன் பக்கத்துல புதைக்கணும்னு பொண்டாட்டியும் புள்ளையும் பொணத்தைக் கொண்டு வந்தாங்க. ஊர் எல்லையில நான் போய் நடுரோட்ல நின்னேன். மழை. என்னைத் தாண்டித்தான் போகணும்னேன். திருப்பிக் கொண்டு போயிட்டாங்க." ரொதாந்தி கிளாஸ்களில் ரக்கி ஊற்றினாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. "ஈஸ்டருக்கு முந்தின வாரம் கூண்டைத் துடைக்கப் போனேன். புது எண்ணெய். புது நீலக் கயிறு. செத்தவன் எப்படி எண்ணெய் ஊத்துவான்?"

மிகேலிஸ் எழுந்து நின்றான். கதை மாதிரி சொல்லவில்லை, கோர்ட்டில் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னான். சிவப்புக் கார். அவசரம். ஹார்ன். வளைவென்று தெரிந்தும் அடித்தது. கண்ணாடியில் பார்த்தது. நிறுத்தாமல் போனது.

"வண்டில வேற யாரு?" என்றான் சீஃபிஸ்.

"யாருமில்ல. நான் மட்டும்தான்."

சீஃபிஸ் எழுந்தான். நாற்காலி பின்னால் விழுந்தது. ரொதாந்தி அவன் பக்கம் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கினாள், அவன் அப்படியே நின்றான். பிறகு அவள் அர்கிரோவைப் பார்த்தாள்.

"நீ அப்ப இவரோட இருந்தியா மகளே?"

சொல்லிவிடலாம். வாய் திறந்தால் போதும். ஒரு சொல்தான்.

"இல்லம்மா" என்றாள் அர்கிரோ. "எங்களுக்குக் கல்யாணம் ஆனது அதுக்கப்புறம்தான்."

மிகேலிஸ் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் சொல்லச் சொன்னதைத்தான் அவள் சொன்னாள். ஆனாலும் அவன் தோள் தொங்கிப்போனதை அவள் பார்த்தாள். வேண்டாம் என்று அவன் சொன்னாலும், அவள் சொல்லிவிடுவாள் என்று மனுஷன் எங்கேயோ ஒரு மூலையில் காத்திருந்திருக்கிறான்.

"சரி" என்றாள் ரொதாந்தி. "காப்பி ஆறுது, குடி."

பிறகு மிகேலிஸிடம் பேசினாள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ஊரே வெளியே நிற்கும்போது, கோயில் வாசலில் இதையே சொல்ல வேண்டும். கனாகிஸின் மனைவியையும் மகனையும் சீஃபிஸ் போய் இன்றைக்கே அழைத்து வருவான். அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் கனாகிஸைத் தோண்டி எடுத்துக் கொண்டுவந்து அவன் அப்பன் பக்கத்தில் புதைக்கலாம், போலீஸோ கோர்ட்டோ பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"சொல்றேன்" என்றான் மிகேலிஸ்.

"ஓடிட மாட்டாங்களா?" என்று சீஃபிஸ் உறுமினான்.

"பத்தொம்பது வருஷமா வந்துக்கிட்டே இருக்கிறவன் எங்கடா ஓடுவான்?" என்றாள் அம்மா. "கீழ கடலோரத்துல தங்கட்டும். ரோடு வரைக்கும் நாம முன்னால போவோம். நானும் வர்றேன், வண்டிய எடு."

பிக்கப் முன்னால் இறங்கியது, கார் பின்னால். முடிந்துவிட்டது என்று அர்கிரோ தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவன் சொல்லிவிட்டான், அவர்கள் சுடவில்லை, யாரும் அவளை மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னலை இறக்கிக் காற்றை இழுத்து மூச்சு விட்டாள்.

வளைவு தொடங்குகிற இடத்தில் பிக்கப் வேகத்தைக் குறைத்தது. எதிரே ஒன்றும் வரவில்லை. வெள்ளைக் கோட்டைத் தாண்டி மெல்ல ஓரம் இறங்கியது, விளக்குக் கூண்டுக்குப் பத்தடி முன்னால். ஓரத்துச் சிக்னல் மினுக் மினுக்கென்று எரிந்தது. வழி விடுகிறான்.

மிகேலிஸ் முந்தினான்.

அர்கிரோவின் கை வெளியே போனது. அவள் அதைப் போகச் சொல்லவில்லை. வழி விட்டால் போகிற கை அது, நாலு நாளாக, இருபத்தைந்து வருஷமாக. மணிக்கட்டு மடங்கி, ஒரு சுற்று, இரண்டு சுற்று, விரல்கள் உதறின. பிக்கப்பின் ஜன்னல் பக்கத்தில் கடந்தபோது கறுப்புத் துணிக்குள் ரொதாந்தியின் கண்கள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பின்னால் விளக்கு மின்னியது. ஒரு தடவை, இரண்டு தடவை, விடாமல்.

"என்ன இப்ப?" என்று மிகேலிஸ் ஓரம் இறங்கி நிறுத்தினான். அவன் முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான், அவள் கையைப் பார்க்கவில்லை. அர்கிரோவின் கை இன்னும் ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது.

ரொதாந்தி இறங்கி நடந்து வந்தாள். அவசரமே இல்லாமல் வந்து, அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்தாள்.

"கனாகிஸ் கோர்ட்ல சொன்னான்" என்றாள். "சிவப்பு வண்டி. ஜன்னல்லேர்ந்து ஒரு பொம்பளை கை. பாதிரியார் துளசித் தண்ணி தெளிக்கிற மாதிரி ரெண்டு சுத்து சுத்தி நன்றி சொல்லிட்டுப் போச்சுன்னான். ஜட்ஜ் சிரிச்சார். வக்கீல் சிரிச்சார். புள்ளையப் பறிகொடுத்தவ, நானும் சிரிச்சேன். பொய் சொல்றவனுக்கு என்னெல்லாம் தோணுது பாருன்னு."

மிகேலிஸ் அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"நீ பேசாத" என்றாள் ரொதாந்தி. "உன் முகத்துல அப்பவே தெரிஞ்சுது. அதான் சீஃபிஸை ஓரம் கட்டி வழி விடச் சொன்னேன்." கையை இன்னும் இறுக்கினாள். "ஹார்ன் அடிச்சது யாரு மகளே?"

"நான்" என்றாள் அர்கிரோ. குரல் யாருடையதோ மாதிரி வந்தது. "வளைவு முடியட்டும்னு அவர் சொன்னார். நான்தான் அடிச்சேன். பார்த்தேன். சீக்கிரம் போன்னு சொன்னதும் நான்தான்."

ரொதாந்தி தலையை ஆட்டினாள். திட்டவில்லை, அழவில்லை. கதவைத் திறந்து அவளை இறக்கினாள்.

"நாளைக்குக் கோயில் வாசல்ல நீ ஒண்ணும் பேச வேண்டாம். கனாகிஸ் பொண்டாட்டி முன்னால நின்னு இந்தக் கையைத் தூக்கி, இதே மாதிரி ஆட்டிக் காட்டு. புருஷன் சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லிக் கேட்டவ அவ. அவளுக்குத் தெரியும். அதுவரைக்கும் நீ என் வீட்லதான்."

"அவளை விட்டுடுங்க, நான் வர்றேன்" என்று மிகேலிஸ் கத்தினான்.

"நீ கீழ போய்த் தங்கு. காலைல வா. என் ரொட்டியை இவளும் தின்னிருக்கா, ஒண்ணும் ஆகாது."

அர்கிரோவைப் பிக்கப்பின் முன் சீட்டில், நடுவில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் சீஃபிஸ், ஒரு பக்கம் ரொதாந்தி. தலைக்குப் பின்னால் துப்பாக்கி. ரொதாந்தி மணிக்கட்டை விடவே இல்லை. அர்கிரோ கண்ணாடி வழியாக மிகேலிஸைப் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

பிக்கப் திரும்புவதற்குச் சாலையில் இடம் போதவில்லை. சீஃபிஸ் விளக்கை ஒரு தடவை மின்னினான். மிகேலிஸ் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இன்னும் நன்றாக, பள்ளத்தின் விளிம்பு வரைக்கும் ஒதுங்கி வழி விட்டான். பிக்கப் அவனைத் தாண்டிப் போய், அகலமான இடம் பார்த்துத் திரும்பி, மறுபடியும் அவனைக் கடந்து லிவாதோவுக்கு ஏறியது. இரண்டு தடவையும் ஜன்னலிலிருந்து கை வரவில்லை.